வாடகைக் காதுகள்

எது நல்லது என்று கேட்காதே.
கையில் எவ்வளவு இருக்கிறது, அதைச் சொல்.
ஷாமி ஊரில், டயர் ஒட்டுகிறவனுக்கும்
ரொட்டி சுடுகிறவனுக்கும் நடுவில் என் கடை.
தகரக் கூரை. சுவரில் மூன்று ஆணி.
தங்கம் தேடும் கருவிகள் மூன்று.
வாடகை நாள் கணக்கு. பேட்டரி தனி.

முதல் ஆணியில் தொங்குவது முந்நூறு ஊகியா.
கைப்பிடிக்குத் துணி சுற்றியிருக்கிறேன்,
இல்லாவிட்டால் வெயிலில் இளகி விரலோடு வரும்.
இதற்கு எல்லாமே தங்கம்:
மத்தி மீன் டப்பா, சேணத்து வளையம்,
பழைய சண்டையில் யாரோ யாரையோ
குறிதவறிச் சுட்ட தோட்டா,
சூடேறிய கருங்கல்கூட.
பகல் முழுக்க அழும்.
பசியா பொய்யா என்று
தூக்கினவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நடு ஆணி ஆயிரத்து ஐந்நூறு.
திரையில் எண் வரும்.
எடுப்பவர்கள் பள்ளி ஆசிரியர்கள், விடுப்பில் வந்த சிப்பாய்கள்,
கணக்குப் போட்டு ஆசைப்படுகிறவர்கள்.
எண்ணைப் பார்த்தபடியே நடந்து
குழியில் விழுந்தவர் இருவர்.
வேறு சொல்ல ஒன்றுமில்லை.
எனக்குச் சோறு போடுவது இதுதான்.

மூன்றாவது ஆணி பெரும்பாலும் காலி.
நான்காயிரம்; ஜாமீனுக்கு ஆள் வேண்டும்.
யஹ்தி, அபெய்தி, சிதாத்தி, மூன்று சகோதரர்கள்,
பதினோரு ஒட்டகங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு
நான்கு மாத முன்பணம் கட்டினார்கள்.
ஒரு முழ ஆழத்தில் கடுகளவு கிடந்தாலும்
காதுக்குள் மெல்ல முனகும் கருவி.
இரும்பு வேண்டாம் என்றார்கள்,
ஆணிக்கும் தகரத்துக்கும் தோண்டித் தோண்டி
இடுப்பு போய்விட்டதாம்.
நானே மெனுவுக்குள் நுழைந்து
இரும்புக்கு மட்டும் செவிடாக்கினேன்.
தவறிப்போய் மாற்றிவிடாமலிருக்க
பூட்டியும் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் காற்று திரும்பியது.
சிதாத்தி இறங்கியிருந்த குழியின் சுவர் சரிந்து
பக்கத்துக் குழியையும் சேர்த்து மூடிக்கொண்டது.
எங்கே குழி, எங்கே மேடு,
எல்லாம் ஒரே மணல்.
அண்ணன்கள் கருவியை வீசி வீசி ஓடினார்கள்.
அது வாயைத் திறக்கவில்லை.
தம்பியிடம் தங்கம் இல்லையே.
ஒரு கடப்பாறை இருந்தது.

தூத்தூ, தேநீர் விற்கிறவள்,
அடுப்புச் சாம்பலில் விழுந்த வெள்ளித் தோட்டைத் தேட
முதல் ஆணிக் கருவியை
அரை நாளுக்கு எடுத்துப் போயிருந்தாள்.
அதோடு ஓடி வந்தாள்.
அது வழக்கம்போல் ஊரைக் கூட்டியது:
வாளிக்கு, மண்வெட்டிக்கு,
சுற்றி நின்றவர்களின் இடுப்பு வாருக்கு.
எறியுங்கள் எல்லாவற்றையும் என்று கத்தினாள்.
சட்டி, கத்தி, செருப்புக் கொக்கி,
தாயத்துக் கூடு, கைபேசி,
எல்லாம் நாற்பது அடிக்கு அப்பால் குவிந்தன.
வெறுங்காலோடு, கால்சட்டையைக் கையால் பிடித்தபடி
அறுபது ஆண்கள் மூச்சு விடாமல் நின்றார்கள்.

அதன் பிறகும் அது அழுதது,
ஒரே இடத்தில்.

கையால் பறித்தார்கள். மண்வெட்டி வைக்கப் பயம்.
முதலில் கடப்பாறையின் முனை,
அப்புறம் அதைப் பற்றியிருந்த முட்டி,
அப்புறம் வாய் நிறைய மணலோடு சிதாத்தி.
இரண்டு நாள் பேசவில்லை. கடப்பாறையை
ஆஸ்பத்திரியிலும் விடவில்லை என்றார்கள்.

மிச்ச முன்பணம் கேட்டு யஹ்தி வந்தான்.
பாதி கொடுத்தேன்.
மறுபாதி இன்னும் பெட்டியில் தனியாக இருக்கிறது,
அவன் திரும்பக் கேட்கவில்லை,
நானும் தொடவில்லை.
பூட்டை எடுத்துவிட்டேன். இப்போது அந்த விலையுயர்ந்த கருவியும்
ஆணிக்கெல்லாம் முனகுகிறது,
வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.

தூத்தூ அன்று இருட்டிய பிறகுதான்
தன் கருவியைத் திருப்பிக் கொடுத்தாள்.
அரை நாள் தாண்டிவிட்டது.
பழக்கத்தில் முழு நாள் வாடகை கேட்டுவிட்டேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
எண்ணி வைத்தாள்.
ஒரு காதில் தோடு இருந்தது.
மற்றக் காதை அவள் திருப்பவில்லை,
நானும் கேட்கவில்லை.